கால் சுற்று

கணவர் ஜாம் பாட்டிலை நீட்டினார். "இதைக் கொஞ்சம் திறந்து கொடேன்."

"பெரிய தசை ஆராய்ச்சியாளர்! ஒரு மூடியைத் திறக்கத் துப்பில்ல" என்றபடி மனைவி ஒரே திருகில் திறந்தாள்.

"அறுபதைத் தாண்டியாச்சே! வயசானா தசைக்குள்ள இருக்கற அடுப்பு புகைய ஆரம்பிச்சிடும். அந்தப் புகையே தசையை அரிச்சிடும். வேலை கொடுத்துட்டே இருந்தாத்தான் ஒழுங்கா எரியும்."

"உங்க அடுப்பு எப்பவோ அணைஞ்சாச்சு."

சாப்பிட்டதும் அவரே பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தார்.

"மூட மட்டும் நல்லாத் தெரியுது!"

சிரித்துக்கொண்டே ஆய்வகத்துக்குப் போனவர், மதியம் மாரடைப்பில் இறந்துபோனார்.

அடுத்த மாதம், உடன் வேலைபார்த்த பெண் அவருடைய பொருட்களைக் கொண்டுவந்தாள். "இது கைப்பிடி பலம் அளக்கற கருவிம்மா. இதுல சாரை எங்கள்ல யாராலயும் ஜெயிக்க முடியல. சின்ன வயசுக்காரங்களே தோத்துட்டாங்க."

"அவரா? வேற யாரையோ சொல்றே. வீட்ல ஒரு மூடி திறக்க மாட்டாரே!"

அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினாள். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து: "பால் பாத்திரத்தை நழுவவிட்டாள். கையில் பலம் குறைகிறது. பயிற்சி செய்யச் சொன்னால் என்னைத்தான் திட்டுவாள். இன்று முதல் வீட்டிலுள்ள மூடிகளை எல்லாம் நான் இறுக்குவேன், அவள் திறப்பாள்."

கடைசிக் குறிப்பு அவர் இறந்த அன்று எழுதியது: "ஜாம் பாட்டிலை ஒரே திருகில் திறந்துவிட்டாள். மூடும்போது கால் சுற்று கூட்டியிருக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் அழுதாள்.

இப்போது வீட்டில் எல்லா மூடிகளையும் அவளே மூடி, அவளே திறக்கிறாள். ஜாம் பாட்டிலில் மட்டும் அந்தக் கால் சுற்று அப்படியே இருக்கிறது.