இது என் முறை

"இது என் முறைடி. காலையிலேயே சொல்லி வச்சிட்டேன்."

"யார்கிட்ட சொன்ன? போன கேஸும் நீதானே..."

"அது பாதியில ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிடுச்சு! அது கணக்குலயே வராது."

"வராட்டிப் போகுது, கையாவது வச்சியா இல்லையா? நான் இன்னும் கையே வைக்கல!"

கட்டிலில் கிடந்த தையல்காரி, தன் இரண்டு முட்டிகளுக்கு நடுவே தெரிந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். முறை கேட்டவள் குட்டைமுடிக்காரி. பதிலுக்குப் பதில் கொடுத்தவள் கண்ணாடிக்காரி. இரண்டும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள்.

அவர்கள் பிய்த்துக்கொள்வது தன் பிரசவத்துக்காகத்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கடைக்கு விலை கூடின துணி வந்தால் யார் வெட்டுவது என்று அவளிடம் வேலை பழகும் பெண்கள் இழுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் இருந்தது.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள். "வாசல் வரைக்கும் கேக்குது உங்க பஞ்சாயத்து. நாட்டுல டாக்டர் பத்தலன்னு சீட்டை ரெட்டிப்பாக்கிட்டாங்க, சரி. பிரசவத்தை எங்க போய் ரெட்டிப்பாக்குறது? வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டா வர முடியும்?"

தையல்காரி வலியோடு வலியாகச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதம்மா, மூச்சை விடு" என்றபடியே நர்ஸம்மா அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கேயும் ஒருத்தி. இரண்டு அறைக்கும் ஒரே நர்ஸம்மா. பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில்.

கண்ணாடிக்காரியின் குரல் இறங்கியது.

"படிப்பு முடிஞ்சதும் டாக்டரே இல்லாத ஊராப் பார்த்துத்தான் அனுப்புவாங்க. அங்க நான் ஒருத்திதான். ஒண்ணுகூடப் பார்க்காம எப்படிடி போவேன்?"

தையல்காரியின் ஊர் அப்படிப்பட்ட ஊர்தான். ஆஸ்பத்திரி இருந்தது, போர்டு இருந்தது, டாக்டர்தான் இல்லை. முதல் பிரசவம் அங்கேதான். ஆயாம்மா ஒருத்தியும் நாலு சுவரும். அப்படி ஓர் அமைதி. பிள்ளையும் அழவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை வலி எடுக்கும் முன்பே பஸ் ஏறி, நாத்தனார் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். காலேஜ் ஆஸ்பத்திரி அண்ணி, தடுக்கி விழுந்தால்கூட ஒரு டாக்டர் மேலேதான் விழுவீர்கள் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

பொய்யில்லை. இங்கே அவள் பிள்ளையை ஏந்த நான், நீ என்று போட்டி! யார் ஏந்தினால் என்ன? அவளுக்கு வயிறு குளிர்ந்து போனது.

"சரி, சத்தம் யாரு பாக்குறது?"

"நான்."

"நான்டி!"

இரண்டு கைகளும் ஒன்றாகவே கருவியை அவள் வயிற்றில் வைத்தன. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு அறையெங்கும் கேட்டது. அவசரத் துணி தைக்கிற மிஷின் மாதிரி ஒரே ஓட்டம்.

வலி ஒன்று வந்தது. ஓட்டம் தளர்ந்தது.

வலி போனது. ஓட்டம் திரும்பவில்லை. விட்டு விட்டு, ஒவ்வொன்றாக விழுந்தது.

பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சிஸ்டர்!"

"இங்க தலை வந்துடுச்சு!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "யாராவது ஒருத்தி கையுறை போடுங்க, ஓடி வரேன்!"

கண்ணாடிக்காரி ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"நீயே பாருடி. நீதானே காலையிலேயே சொல்லி வச்ச."

"பரவால்ல, நீ பாரு." குட்டைமுடிக்காரியின் கை வயிற்றை விட்டு விலகியது. "நீதான் இன்னும் ஒண்ணுகூடப் பார்க்கல."

கையுறைப் பெட்டியை இருவரும் தொடவில்லை.

தையல்காரி எழப் பார்த்தாள். முடியவில்லை. கையை நீட்டினாள். யாரும் எட்டவில்லை.

"சண்டை போடுங்கம்மா. ஏன் நிறுத்திட்டீங்க?"