எங்கும் நிற்காத பிக்கப்

ஒரு பிக்கப் வண்டி தக்காளி ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது டீசல் தீர்ந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லோடு ஆட்டோ, "தள்ளி விடட்டுமா அண்ணே?" என்று கேட்டதும் அதற்கு மானமே போய்விட்டது.

அன்றிலிருந்து முதலாளி வேலாயுதத்தை அது நிம்மதியாக விடவில்லை. ஏற்றத்தில் முனகியும் இறக்கத்தில் இருமியும், பின்பக்கம் கூடுதலாக ஒரு டேங்க் வைக்க வைத்துவிட்டது. அப்படியும் பயம் தெளியவில்லை. "வழியில பங்க் பூட்டியிருந்தா என்ன பண்றது?" என்று இன்னொன்று கேட்டது. "அது ரெண்டும் ஒழுகிட்டா?" என்று மூன்றாவதும் வந்து சேர்ந்தது.

சந்தை நாளன்று தக்காளிக் கூடைகளோடு வந்த வேலாயுதம் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க டேங்குகள்; ஒரு கூடை வைக்கக்கூட இடமில்லை. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றினார்.

பிக்கப்பும் வெறுமனே கூடக் கிளம்பியது. ஆட்டோ வழியெல்லாம் நின்று நின்று, கை காட்டியவர்களின் வாழைத்தாரையும் வெங்காய மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்தது. பிக்கப் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ச் சந்தை வாசலில் காத்திருந்தது.

"பாத்தியா தம்பி, நான் எங்கயுமே நிக்கல!"

"உங்களுக்கு யாருண்ணே கை காட்டினா?" என்றது ஆட்டோ.

பிக்கப் வேலாயுதத்தைக் கூப்பிட்டு, கேபின் கூரைமேல் சின்னதாக இன்னொரு டேங்க் வைக்க முடியுமா என்று கேட்டது.