எழுந்திருக்காத போர்டு

இன்டர்வியூவுக்கு வந்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அறையில் ஒரு கண்ணாடிக்காரர், லேப்டாப்போடு இணைத்த சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றை முறைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க தம்பி. இது ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. ஏன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவன் போர்டை ஸ்டார்ட் செய்யும் பூட்லோடர் செட்டிங்கை லேப்டாப்பில் திறந்து பார்த்தான்.

"மெமரி கார்டுலேர்ந்து ஸ்டார்ட் ஆகச் சொல்லியிருக்கு சார். கார்டே போடலை. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினா யார் திறப்பா?"

செட்டிங்கை போர்டின் சொந்த மெமரிக்கு மாற்றினான். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின.

கண்ணாடிக்காரர் அவனைக் கட்டிப்பிடித்தே விட்டார்.

"அப்ப வேலை எனக்குத்தானே சார்?" என்றான் அவன், கூச்சத்தோடு.

"அதை அடுத்த ரூம்ல இருக்கற மேனேஜர்தான் சொல்லணும்," என்று போர்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார் அவர். "நானும் அதே வேலைக்குத்தான் வந்திருக்கேன் தம்பி. இது எனக்கு வச்ச டெஸ்ட்டு."