நடுவில் நிற்காத ரொக்கட்

"உன்ட மாப்பிள்ளைக்கிட்டக் கேளு புள்ள, நிலாவுக்குப் போற ரொக்கட் ஏன் பூமியச் சுத்துது?"

ஒரு காலில் செருப்பும் மறு காலில் மருந்துக் கட்டுமாகக் கடைக்குப் புறப்பட்ட மீராசா ஹாஜியார், வாசலில் நின்றே கத்தினார்.

மருமகன் அர்ஹம் கைக்கெட்டும் தூரத்தில்தான், கொம்பியூட்டரில் ரொக்கட் விடும் கேம் ஒன்றை விளையாடிக்கொண்டு இருந்தான். ஆனாலும் கேள்வி மகள் நிப்லா வழியாகத்தான் போகும். கல்முனை பஸாரில் எவனையும் 'டேய்' போட்டுப் பேரம் பேசுகிற மனிசனுக்கு, சீதன வீடு கொடுத்து எடுத்த மருமகனை நேரே ஏச மட்டும் வாய் வராது. மரியாதையாம்.

"அதை விடுங்க வாப்பா. நீங்க எங்க போறீங்க?" நிப்லா குறுக்கே வந்து நின்றாள். "காலை நிலத்தில ஊண்டினா விரலை எடுக்கிற எண்டு டொக்டர் சொன்னது மறந்து போச்சா? சீனி வருத்தக்காரனுக்குப் புண் மேல ஏறினா, மறுகா காலே இல்ல!"

"டொக்டரா வந்து என்ட அரிசிக்கடையைப் பார்ப்பார்?"

முன்கதவைப் பூட்டினால் பின்கதவால் போகிற ஆள். நேற்றும் போனார். முந்தநாளும் போனார். நிப்லாவுக்கு அழுகை முட்டியது.

அர்ஹம் மெதுவாகத் திரும்பினான்.

"பூமியை ஒரு சுத்து சுத்தி, எல்லாம் சரியா எண்டு பார்த்துப்போட்டுத்தான் நிலாவுக்குத் திருப்புற, மாமா."

"தரகன்ட வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டுப் போற கதை!" ஹாஜியாருக்கு ஏறிவிட்டது. "நான் வரிப்பத்தான்சேனைக்கு நெல்லெடுக்கப் போனா நேரா வயலுக்குத்தான் போற. நடுவில ஒருத்தனையும் வெச்சதில்ல. நேரா விடச் சொல்லு புள்ள!"

"விடலாம். பூமிட விளிம்பில நிலா எழும்பக்குள்ள சரியா விட்டா, நடுவில நிக்காமப் போகும். கொஞ்சம் பிசகினாலும் நிலா தவறிரும். லேசில்ல மாமா."

"அப்ப பேரம்! நேரா விட்டு இறக்கினா நான் வாங்கித் தந்த இந்தப் பெட்டி இருக்கட்டும். இல்லாட்டி இதை வித்துப்போட்டு, கலியாணக் காட் கீறுறதையும் விட்டுப்போட்டு, கடைக்கு வந்து மூட்டையைப் பார்க்கச் சொல்லு."

நிப்லா அர்ஹமைப் பார்த்தாள். அந்தக் கொம்பியூட்டரில் கலியாண அழைப்பிதழ் வரைவதுதான் அவனுடைய தொழில்.

அர்ஹம் யோசிக்கவேயில்லை. "சரி மாமா. ஆனா ஒவ்வொரு தரமும் நீங்க பக்கத்தில இருந்து பார்க்கணும். பொறகு களவு எண்டு சொல்லப்படாது."

"பாராம நான் ஒரு கொத்து அரிசியும் வாங்கினதில்ல!"

அமர்ந்தார். நிப்லா இன்னொரு கதிரையை இழுத்து, அவர் காலைத் தூக்கி வைத்தாள்.

முதல் ரொக்கட் கடலில் விழுந்தது. அடுத்தது ஆகாயத்திலேயே பிளந்தது. அதற்கடுத்தது நிலாவை உரசுகிற மாதிரிப் போய், அப்படியே இருட்டுக்குள் போனது.

"எங்க போறான் இவன்?"

"சூரியனைச் சுத்தப் போறான் மாமா."

"திருப்பச் சொல்லு புள்ள!"

"எண்ணெய் முடிஞ்சி."

பொழுது பட்டுவிட்டது. கடை ஞாபகமே வரவில்லை.

மறுநாள் சுபஹு தொழுத கையோடு கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "உன்ட மனிசனை எழுப்பு!" என்றார். கடையிலிருந்து அச்சிமுகம்மது ஃபோன் எடுத்தான்.

"முதலாளி, லொறி வந்து நிக்குது..."

"நான் நிலாவுக்குக் கிட்டப் போயிட்டன். பொறகு எடுறா!"

நாள் போகப் போக மரியாதையும் பறந்தது. "பொத்தானை அமத்துங்க! இப்ப அமத்துங்க! நித்திரையா கொள்றீங்க?" என்று மருமகனை நேரடியாகவே ஏசத் தொடங்கிவிட்டார்.

"அப்ப நடுவில நான் தேவையில்லத்தானே?" என்று நிப்லா குசினிக்குப் போய்விட்டாள்.

ஒரு தடவை நிலாவில் கால் தொட்டும்விட்டது. தொட்ட ரொக்கட் மெல்லச் சாய்ந்து குப்புற விழுந்தது. ஹாஜியார் தலையில் அடித்துக்கொண்டார். வருத்தம் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் சேதி: "என்ட கால் கிடக்கட்டும். மருமகனுக்கு ஒரு ரொக்கட்டை நேரா விடத் தெரியாது!"

வந்தவர்கள் அர்ஹமைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

கடைசியில் டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"புண் நல்லாக் காஞ்சிட்டு, ஹாஜியார். இவ்வளவு நாளும் எப்படி ஒரு இடத்தில இருந்தீங்க?"

"என்ன செய்ற டொக்டர்? நான் பக்கத்தில இருக்கக்குள்ளயே அந்த மனிசன் அப்பிடி உடைக்கிறார். எழும்பிப் போனா என்ன ஆகும்?"

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் சாய்ந்தார்.

"மருமகன், இதான் கடைசி. பெட்டியை வாங்க ஆலையடிவேம்பில இருந்து ஆள் வருது."

"டொக்டர் என்ன சொன்னார் மாமா?"

"நாளையில இருந்து கடைக்குப் போகட்டாம்."

அர்ஹம் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். நிலா விளிம்பில் எழும்பியது. அமத்தினான்.

ரொக்கட் எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் சுற்றவில்லை. பூமி சிறுத்தது, நிலா பெருத்தது. கொஞ்சம் தூசு கிளம்பியது. கோப்பையைப் பீரிசில் வைப்பதுபோல ரொக்கட் நிலாவில் நிமிர்ந்து நின்றது.

ஹாஜியாருக்கு வாய் மூடவில்லை. குசினி வாசலில் நிப்லாவும் அப்படியே நின்றாள்.

"இது... உங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"ஓம் மாமா."

"அப்ப எதுக்கு இத்தனையையும் போட்டு உடைச்சீங்க?"

அர்ஹம் கொம்பியூட்டரை மூடினான்.

"இறக்கியிருந்தா நீங்க எழும்பிப் போயிருப்பீங்களே, மாமா."