சொல் தட்டாத குட்டி

"நீ பழக்கினது மிச்சம் மோசம், மாசிலாமணி. உக்காரச் சொன்னா மேல பாயுது. வரச் சொன்னா உக்காந்து முழிக்குது. நாளைக்குச் சரி வரல்லன்னா ஒனக்கு பங்களாவில வேலை இல்ல."

தேயிலைத் தோட்டத்துத் துரை இப்படிச் சொன்னதும் சமையல்காரர் மாசிலாமணி குட்டியைத் திரும்பிப் பார்த்தார். துரையின் அந்தப் பெட்டை நாய்க்குட்டியை மூன்று மாதமாகச் சமையல்கட்டில் வளர்த்தவர்கள் அவரும் மனைவி பேச்சியும்தான். அவர்களிடம் அது ஒருநாளும் சொல் தட்டியதில்லை.

"தொரை எப்புடிச் சொல்றீங்கன்னு ஒருக்கா காட்டுங்க."

புதிதாக வந்திருந்த சிங்களத் துரை, தன் பாஷையில் குட்டியை உட்காரச் சொன்னார். "வாடி வென்ன."

குட்டி பாய்ந்து வந்து மடியில் ஏறியது.

அதை இறக்கிவிட்டுத் தள்ளிப்போய், வரச் சொன்னார். "என்ன."

குட்டி உட்கார்ந்து முழித்தது.

"குட்டி மேல தப்பில்லைங்க தொரை. அதுக்குத் தமிழ்தான் தெரியும். 'வாடி'ன்னா வரும். நம்ம வீட்டுக்காரி 'என்ன'ன்னு அதட்டுனா அடங்கி உக்காந்துரும்."

துரை வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் தேயிலைச் செடிக்குள் ஓடி மறைந்த குட்டியை, மலை முழுக்கக் கேட்கும்படி தமிழிலேயே கூப்பிட்டார். "வாடி."

குட்டி வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் 'யாரைப் பாத்து வாடிங்கிறாரு?' என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தங்கள் லயத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.