பூனை வைத்தியம்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஹயாத் பாஷாவின் இரும்புக் கடைக்கு ஒரு பூனை வந்து சேர்ந்து மூன்று மாதமாகிறது.

"இது வந்ததுலேர்ந்து மனசு லேசா கீது, ஷம்ஷாத். பிரஷர் கம்மி. கால் எரிச்சல்கூட அடியோட நின்னு போச்சு!" என்றார் பாஷா மனைவியிடம்.

"அதுக்காவ சுகர் மாத்திரைய நிறுத்திடறதா? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"வலியே இல்லாதவனுக்கு டாக்டர் இன்னாத்துக்கு?"

ஷம்ஷாத்துக்கு மனசு ஒப்பவில்லை. சோறு போடும் இடம் என்று கடைக்குள் செருப்பு போடாத மனுஷர் பாஷா. நேற்றிலிருந்து அந்தப் பூனை அவருடைய வெறுங்காலையே சுற்றிச்சுற்றி வந்தது. அதுவும் இடது காலை மட்டும்.

இன்று மதியம் அவள் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தபோது, படியில் எதிர்ப்பட்ட பூனையின் வாயெல்லாம் ரத்தம்.

"இன்னாங்க, பூனை எலி புடிச்சிருக்கு போல?"

"எலியா? காலையிலேர்ந்து என் காலை நக்கிகினு இங்கதான குந்தினு இருந்துச்சு! அம்புட்டுப் பாசம்" என்றார் பாஷா, வெள்ளிமலைக்காரர் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டே.

ஷம்ஷாத் தூக்கை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தாள். அவருடைய இடது உள்ளங்காலில் ஓர் ஆணி, கொண்டை மட்டும் வெளியே தெரிய, முழுசாக இறங்கியிருந்தது.

அதைப் பிடித்து இழுத்தாள். ரத்தம் கொட்டியது.

மேலேயிருந்து பாஷாவின் சிரித்த குரல் கேட்டது.

"இன்னா ஷம்ஷாத், கீழ எதைத் தேடிகினு கீற?"