வாங்க வருகிறவளுக்குப் பிடித்த நிறம்

அலமாரிக் கதவுக்கான பதினாறு வண்ண மாதிரிப் பலகைத் துண்டுகளைச் சமையல் மேடையில் பரப்பிவைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகர்ந்து பார்க்காத குறையாக ஒவ்வொன்றையும் ஆராய்ந்துகொண்டிருந்தார் கணவர்.

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

இந்த மனிதர் இந்த அறைக்குள் இத்தனை நேரம் நின்றது இருபத்து மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஹாலிலிருந்து குரல்தான் வரும்.

இந்த அலமாரிக் கதவுகளை மாற்றச் சொல்லி அவள் கேட்காத வருடமில்லை. ஒன்று கீல் விட்டுத் தொங்கியது. இன்னொன்று மழைக்காலம் வந்தால் உப்பிக்கொண்டு திறக்காது. கதவு மூடாவிட்டால் உள்ளே இருக்கிற டப்பா எழுந்து ஓடிவிடுமா என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வீட்டை விற்பதென்று முடிவானதும் அந்தக் கஞ்சத்தனம் எங்கே போனதோ தெரியவில்லை.

முடிவு என்றால் அவருடைய முடிவு. தன் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டும் பார்த்துவைத்துவிட்டார். எனக்கு இந்த வீட்டை விட்டு வர இஷ்டமில்லை என்று அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சமையலறையைப் பார்த்துத்தான் வீடே விலைபோகும் என்று புரோக்கர் ஓதிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவுதான். கீல் இனிமேல் சத்தமில்லாமல் மூட வேண்டுமாம். கைப்பிடி துருப்பிடிக்கவே கூடாதாம். முகம் தெரியாத எவளோ ஒருத்தி வந்து, கதவைத் திறந்து பார்த்துச் சொக்கிப்போக வேண்டுமாம்.

நிறத்துக்குத்தான் காலையிலிருந்து மாநாடு.

சாம்பல் என்றார் புரோக்கர், போனில். வெள்ளை என்றாள் நாத்தனார், அவளும் போனில். எண்ணெய்ப் புகையில் வெள்ளை என்ன கதியாகும் என்று நாத்தனாருக்கு எப்படித் தெரியும்? அவள் வீட்டில் அடுப்புப் பக்கம் போவது சமையல்காரம்மாதான். அளவெடுக்க வந்த கார்பென்டரோ, கடையில் மிச்சம் கிடந்த பழுப்புப் பலகையை இங்கே தள்ளிவிடப் பார்த்தார்.

கடைசியில் கணவருக்கே அலுத்துப்போய், அவள் பக்கம் திரும்பினார்.

"நீ ஒண்ணும் பெருசா யோசிக்க வேணாம். வாங்க வர்றவளும் உன்ன மாதிரி ஒரு பொம்பளதானே, அவளுக்கு எது பிடிக்கும்னு மட்டும் சொல்லு."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சிரிப்புதான் வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அவர் முதலிலேயே வேண்டாமென்று ஒதுக்கிவைத்திருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து கார்பென்டரிடம் கொடுத்தாள். நல்ல கரும்பச்சை.

கணவர் முகத்தைச் சுளித்தார். இந்த நிறத்தைப் போட்டால் ஒரு ஈ காக்கை வீட்டு வாசலை மிதிக்காது என்றார்.

அவள் சரி என்பதுபோலத் தலையாட்டினாள். பிறகு சுவரோரம் போய் நின்று, வலது கையை நேராக மேலே நீட்டிச் சுவரில் வைத்தாள்.

"மேல் அலமாரி இதுக்கு மேல போகக் கூடாது தம்பி. எனக்கு எட்டணும்."

கார்பென்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் கணவரைப் பார்த்தார்.

கணவர் நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். வீட்டுப் பத்திரம் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

வீடு வாங்கிய வருடம், மனைவி பெயரில் எழுதினால் வரி கொஞ்சம் குறையும் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். விடுவாரா மனுஷர். அந்தக் கொஞ்சத்தை மிச்சம்பிடிக்க அவளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட வைத்தார். பத்திரத்தில் இருப்பது அவள் பெயர் மட்டும்தான்.

விற்கும்போதும் அதேபோலக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினால் போதும் என்று இருந்துவிட்டார்.

அவள் கை சுவரிலிருந்து இறங்கவில்லை.

கார்பென்டர் அவள் விரல் நுனியில் கோடு போட்டார்.